ஒன்றாம் எண்ணில் நின்றவன்

மேஸ்திரியின் மண்டையை உடைத்தது நான்தான். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. இரும்புக் கம்பியால் அடித்தேன். ஒரு தடவை அல்ல, கை ஓயும்வரை அடித்தேன். இன்றைக்கு எதிரே வந்து நின்றாலும் அடிப்பேன். எல்லோரும் நான் அடித்ததைப் பற்றியே கேட்கிறார்கள். எதற்கு அடித்தாய் என்று கேட்கத்தான் நாதி இல்லை.

என் வேலை கருத்துக் கேட்பது. பாலம், சாலை, குடிநீர்க் குழாய் என்று பல நாடுகளுக்குக் கடன் கொடுக்கிற பெரிய வங்கி ஒன்று. தன் கடனில் நடக்கிற வேலையைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை அதற்குத் தெரிந்தாக வேண்டும். தானே வந்து கேட்காது. எங்களைப் போல ஒரு கம்பெனியைப் பிடித்துக் கேட்கச் சொல்லும். எங்கள் ஊர் ஆற்றுப் பாலம் அந்தக் கடனில் கட்டியதுதான்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஹால் தரையில் ஒன்றிலிருந்து பத்து வரை பெரிய எண்களை ஒட்டுவோம். வங்கியின் மேல் துளியும் நம்பிக்கை இல்லாதவர் ஒன்றில் நிற்க வேண்டும், முழு நம்பிக்கை உள்ளவர் பத்தில். பிறகு நான் மைக்கோடு போய், ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். எப்போதும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். புகழ்கிறவர்களை முதலில் பேசவிட்டால் குறை சொல்ல வந்தவன் வாயடைத்துப் போவான். மைக் போகிற பக்கம்தான் கேமராவும் போகும். வங்கிக்காரர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள். அவர்கள் எதிரே இருந்தால் ஜனங்கள் கூச்சப்படுவார்களாம். இவ்வளவு யோசித்த மகராசர்கள், மேஸ்திரியையும் அவனிடம் கூலி வாங்குகிறவர்களையும் ஒரே ஹாலுக்கு அழைத்திருந்தார்கள். எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும் என்றார் எங்கள் மேனேஜர். ஆட்டையும் ஓநாயையும் ஒரே பட்டியில் அடைத்துவிட்டு, பட்டி வசதியாக இருக்கிறதா என்று ஆட்டிடம் கேட்கிற புத்தி.

இந்த முறைகளையெல்லாம் வீட்டில் பெருமையாக அளந்துகொண்டிருப்பேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். அவன் அந்தப் பாலத்தில் வெல்டர்.

அவனுடைய கூட்டாளி ஒருத்தன் அங்கே கம்பி கட்டினான். அவன் பெண்டாட்டி அங்கேயே ஆட்களுக்குச் சமைத்துப் போடுவாள். மூன்றாவது தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது அவன் கால் வழுக்கிக் கம்பிக்கூண்டுக்குள் விழுந்தான். ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தூண் வீண், இடித்துத்தான் கட்ட வேண்டும். மேஸ்திரி நிறுத்தவில்லை. கத்திக்கொண்டே ஓடிய என் தம்பியை இரண்டு பேர் கீழே தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்து, முகத்தை ஜல்லியில் தேய்த்தார்கள். உள்ளே அலறல் நின்ற பிறகும் கான்கிரீட் கொட்டுகிற குழாய் நிற்கவில்லை.

உன் புருஷன் வேறொருத்தியோடு ஓடிவிட்டான் என்று மறுநாள் மேஸ்திரி சமையல்காரியிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே. அவன் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆட்கள் அவனுக்கு வைத்த பெயரே 'சிரிப்பு'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், இந்தப் பாவி முழு மனுஷனை மறைத்தான். தம்பி போலீசுக்குப் போனான். அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். மேஸ்திரிக்கு அங்கேயும் ஆள் இருந்தது. மிச்சம் இருந்தது அந்த வங்கி மட்டும்தான். அது ஊருக்கு வருவதோ இந்த ஒரு நாளைக்கு.

கூட்டத்தன்று காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நான் ஒண்ணுல போய் நிக்கப் போறேன்க்கா. நீ முதல்ல என்கிட்டதானே வரணும்."

வழியை மறித்து நின்றேன். "ஏழுல நின்னுட்டு வாடா. பொண்டாட்டி, பொண்ணுன்னு இருக்கல்ல."

"அவனுக்கும்தான் பொண்டாட்டி இருந்தா." என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவனுங்க அடிப்பானுங்க. அடிக்கட்டும். நான் கை ஓங்க மாட்டேன். கேமரா முன்னாடி அடிச்சாதான் நான் சொல்றது நிஜம்னு அவங்களுக்கு உறைக்கும். நீ நடுவுல வராத. மைக்க மட்டும் குடு."

கொடுக்கிறேன் என்றேன். வாய் வார்த்தைக்குத்தான் சொன்னேன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் அடிபட்டுச் சாவதைப் படம் பிடிக்க நான் மைக் நீட்டுவேனா?

ஹாலில் எல்லோரும் எட்டிலும் ஒன்பதிலும் நெருக்கியடித்து நின்றார்கள். மேஸ்திரி பத்தின் மேல் காலை அகட்டிக்கொண்டு நின்றான். சமையல்காரி ஐந்தில் தலைகுனிந்து நின்றாள். அவளுக்கு அதுவே பெரிய தைரியம். என் தம்பி அத்தனை பேரையும் தாண்டி, அந்தக் கோடியில் தனியாகப் போய் ஒன்றில் நின்று கைகளைக் கட்டிக்கொண்டான். சுவரில் சாய்ந்திருந்த மேஸ்திரியின் ஆட்கள் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். ஒருவன் இடுப்பில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்தது.

நான் பத்துக்குப் போனேன்.

பத்திலிருந்து தொடங்கினால் இழுத்துக்கொண்டே போகலாம், தேநீருக்கு விடும்போது தம்பியைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளிவிடலாம் என்பது என் கணக்கு. மேஸ்திரியிடம் மைக்கை நீட்டினேன். கேமராவும் என்னோடு திரும்பியது.

"இந்த பேங்க் மட்டும் இல்லன்னா எங்க ஆளுங்க வீட்டு அடுப்புல பூனைதான் தூங்கும்" என்று ஆரம்பித்தான் சிரிப்பு. நான் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் குளிர்ந்துபோய் அளந்துகொண்டே இருந்தான். முதுகுக்குப் பின்னால் தம்பி, "அக்கா, இங்க வா" என்றான். நான் திரும்பவில்லை. "அக்கா, மைக்" என்றான் மறுபடி. அப்போதும் திரும்பவில்லை.

அவன் கத்தினான். "மூணாவது தூணுக்குள்ள..."

அதற்கு மேல் வந்தது சொல் இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஸ்பேனர் அவன் வாயில் இரண்டாவது தடவை இறங்கியது. பற்களும் ரத்தமும் சட்டையில் கொட்டின. அவன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. தன் கையே தன்னை மீறி உயர்ந்துவிடக் கூடாது என்று புஜங்களை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் முழங்காலில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. தம்பி விழுந்தான். விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள், பிறகு கழுத்தில் மிதித்தார்கள். அவன் கண் கேமராவைத் தேடியது. அது மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டிலும் ஒன்பதிலும் நின்ற ஒருத்தரும் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில் மேஸ்திரி, பேச்சு அறுபடாமல், "நல்ல பேங்க்மா, நல்லா இருக்கணும்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

சார்ட் மாட்டும் ஸ்டாண்டின் இரும்புக் காலைப் பிடுங்கினேன். முதல் அடி காதோரம் விழுந்தது. அப்போதும் அந்த நாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவதில் சிரிப்பு கோணியது. விழுந்த பிறகு எத்தனை அடித்தேனோ தெரியாது. அவனுடைய ஆட்கள் தம்பியை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் என் மணிக்கட்டைத் திருகி ஒடித்தான். ஒடித்தால் ஒடிக்கட்டும், தம்பி கழுத்திலிருந்து கால் எடுத்தாயிற்று. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் திரையில் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு மனுஷன் தங்கள் வங்கியை மனமாரப் புகழ்ந்து பேசுகிறான், கேள்வி கேட்க வந்தவள் திடீரென்று பேய் பிடித்தவளாக அவன் மண்டையைப் பிளக்கிறாள். தூணைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தினேன். வங்கியிலிருந்து வந்திருந்த வெளிநாட்டு அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னாரோ, அவள் இரண்டடி பின்வாங்கினாள். எட்டும் ஒன்பதும் தாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். சமையல்காரி அன்று மாலையே ஊரை விட்டுப் போனாள், எங்கே என்று யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி சாகவில்லை. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிக்கொண்டது. நான் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தேன். வேலை போனது. கேட்பவளே கலந்துகொண்டவரைத் தாக்கிவிட்டதால் அந்தக் கூட்டம் கணக்கில் சேராது என்று வங்கியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் தம்பியால் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே நடந்ததை எழுதிக் கொடுத்தான். அக்காவைக் காப்பாற்றத் தம்பி கட்டிய கதை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். பாலத்தில் இப்போது லாரி ஓடுகிறது.

தாடைக் கம்பியை எடுத்த அன்று தம்பி நேராக வீட்டுக்கு வந்தான். கட்டுப் போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். கஞ்சி கொடுத்தேன், தொடவில்லை. எத்தனையோ நாளாகப் பேசாத வாய் எனக்கு என்ன சொல்லப் போகிறதோ என்று காத்திருந்தேன். அக்கா, உன்னாலதான் உசுரோட இருக்கேன் என்று சொல்வான் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

"நான் கடைசி வரைக்கும் கை ஓங்கலக்கா" என்றான்.

"பார்த்தேன்டா. நான் வரலன்னா செத்திருப்ப."

"செத்திருப்பேன். நீ என்கிட்ட முதல்ல வந்திருந்தா கேமராவுல செத்திருப்பேன். தூணுக்குள்ள இருக்கறவன வெளிய எடுத்திருப்பாங்க." மூச்சு வாங்கினான். "அவன முதல்ல மூடுனது மேஸ்திரி. ரெண்டாவது தடவ மூடுனது நீ."

"நீ உசுரோட இருக்கியேடா, அது போதாதா?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அது வருவதற்குள், கம்பி எடுத்த அந்தக் கன்னத்திலேயே ஓங்கி அறைந்துவிட்டேன்.