கவரிங் தோட்டுக்குத் தடை

விசுவாசிகளே, வாருங்கள்! அந்தமான் தீவின் ரங்கத் கடற்கரையில் ஓர் ஏழையின் காதிலிருந்து உலக ஆசை எப்படிக் கழற்றப்படுகிறது என்று கண்ணாரக் காணுங்கள்!

பஜாரில் கீரை விற்கும் மகேஸ்வரி இந்த ஞானஸ்நானத்துக்காக ஓராண்டு காத்திருந்தாள். வெள்ளைப் புடவையோடு முழங்கால் நீரில் நின்றவளைப் பாஸ்டர் ஜெபசிங் தடுத்தார்.

“சிஸ்டர், நகை பெருமையோட அடையாளம். தோட்டைக் கழட்டினாத்தான் முழுக்கு.”

“கவரிங்தான் பாஸ்டர். காது தூந்துடாம இருக்கப் போட்டிருக்கேன்.”

“பரலோகத்துல காது ஓட்டை எதுக்கு?”

கரையில் நின்ற சபை சிரித்தது. மகேஸ்வரி கழற்றினாள். அடுத்து, உப்புநீர் பட்டுவிடக் கூடாதே என்று, பாஸ்டர் தம் தங்கக் கடிகாரத்தைப் பயபக்தியோடு கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

“அது என்ன பாஸ்டர்?”

“அரே, இது ஆசீர்வாதம்மா! மெயின்லேண்ட் விசுவாசி ஒருத்தர் கொடுத்தது.”

“என்னோடது பெருமை, உங்களோடது ஆசீர்வாதமா? டீக் ஹை, சரி. அதைத் திருப்பி மாட்ட மாட்டேன்னு சொல்லுங்க, முழுகுறேன்.”

பாஸ்டர் வானத்தை நோக்கினார். அங்கிருந்தும் உதவி வரவில்லை. கடைசியில், “நீ இன்னும் தயாராகலை சிஸ்டர்” என்றார். மகேஸ்வரி நனைந்த புடவையோடு, முழுக்குப் பெறாமலே கரையேறினாள்.

சபையாரே, சிரித்தது போதும்! வரும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து அவள் கேட்டதை நீங்களும் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்!