மிஸ்ரர் சச்சிதானந்தன்

பொலிஸ்காரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஸ்காபரோ அப்பார்ட்மெண்டின் ஒன்பதாம் மாடியில் தவமணி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்தவள் பாதியை உடனே திரும்பச் சாத்தினாள். சீருடை எண்டால் அவளுக்கு எந்த நாட்டிலும் ஒரே சீருடைதான், என்ன செய்யிறது!

“மிஸ்ரர் சச்சிதானந்தன் இருக்கிறாரா?”

சச்சிதானந்தன் அவளுடைய புருஷன். செத்து ஆறு வருஷம். ஆனால் கனடாவில் தகப்பனின் பெயர்தானே பிள்ளைக்குக் கடைசிப் பெயர். பொலிஸ் தேடி வந்தது மகன் நிசாந்தனை. அது தவமணிக்குத் தெரியாதா? நல்லாய்த் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

“மிஸ்ரர் சச்சிதானந்தன் இஸ் டெட்.”

சுவரில் மாலை போட்டிருந்த படத்தையும் காட்டினாள். பொய்யில்லைத்தானே!

பொலிஸ்காரி ஒன்றும் மொக்கு இல்லை. நிலைமையை விளங்கிக்கொண்டு, ஆறுதலாக இங்கிலீசில் எடுத்துச் சொன்னாள். சுடக்கூடியவர்கள், சுடப்படக்கூடியவர்கள் என்று ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறோம். உங்கள் மகனின் கூட்டாளியைப் போன மாதம் சுட்டுவிட்டார்கள். அடுத்தது இவர் என்று கேள்வி. பிடிக்க வரவில்லை, கதைக்க வந்தோம். துவக்கால் சுடுகிற இந்தக் கூட்டத்தை விட்டால் வேறு ஊரில் வீடும் வேலையும் தேடித் தருவோம், விடாவிட்டால் வழக்கு. வியாழன் நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள். இவ்வளவும் எழுதிய கடிதம் ஒன்றையும் கையில் தந்தாள்.

தவமணியின் இங்கிலீசுக்கு அதில் பிடிபட்டது இரண்டே சொல்: லிஸ்ற், ரோக். பட்டியல், கதைக்கிறது.

ஊரில் சண்டை நடந்த காலம், கொக்குவிலில் அவளுடைய தமையனையும் சீருடைக்காரர் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். லிஸ்றில பேர் இருக்குது, கொஞ்சம் கதைச்சுப்போட்டு விடுறம் எண்டு. முப்பது வருஷமாய்க் கதைக்கிறாங்கள், கட்டையில போவாங்கள்! அண்டைக்குத் தாய்தான் “ஓம், உள்ளுக்கை நிக்கிறான்” என்று உண்மையைச் சொன்னவ. தவமணி அதை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

கடிதத்தைப் புருஷனின் படத்துக்குப் பின்னால் செருகினாள். பேருக்குரிய ஆளிட்டையே குடுத்தாச்சு என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

பின்னேரம் நிசாந்தன் வந்தான். கூட்டாளி செத்ததிலிருந்து அவன் ஜன்னல் சீலையை விலக்க விடுவதில்லை. கேட்டால் “நத்திங், அம்மா” என்பான்.

“ஆரும் வந்தவையோ?”

“ஒருத்தரும் வரேல்லையடா. கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிட.”

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, “அம்மா, எங்கையாவது தூரப் போவமா? ஸ்ரௌவ்வில் பக்கம், எனிவேர்” என்றான். உனக்கென்ன விசரா, என்ர வேலை இஞ்சயெல்லோ என்று தவமணி இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பவும் கதவு தட்டுப்பட்டது. அதே பொலிஸ்காரி. இந்த முறை தொப்பி கையில் இருந்தது. தவமணி அதையெல்லாம் கவனிக்கவில்லை. கேள்வி வரமுன்னமே பதிலைச் சொல்லிவிட்டாள்.

“மிஸ்ரர் சச்சிதானந்தன் இஸ் டெட்.”

பொலிஸ்காரியின் கண் கலங்கிப்போயிற்று. “யெஸ், மேம்,” என்றாள். “ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம். பிளாசாவுக்கு முன்னால்.”

ஐயோ, இந்த இங்கிலீசு மட்டும் அவளுக்கு ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கியது. ஓடிப்போய்ப் படத்தை இழுத்தாள். மாலை அறுந்தது. கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, “குடுக்கிறன், தங்கச்சி, இப்பவே அவனிட்டைக் குடுக்கிறன்,” என்று கத்தினாள். “அவன் உள்ளுக்கை நிக்கிறான் எண்டு எழுதுங்கோ! ஓம், உள்ளுக்கைதான் நிக்கிறான்!”