மேஸ்திரியின் முதல் ஃபிலிம்

டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே தமீமுக்குத் தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் திரையில் மேஸ்திரியின் வயிறு. மேலே முதுகெலும்பு வரிசை, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் குடல். அந்தச் சாம்பலின் நடுவே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெளுப்பு.

இருபத்தெட்டு வருஷமாக தமீமுக்குப் பிழைப்பே இந்த வெளுப்பும் கறுப்பும்தான். இப்போது காட்டுப்பள்ளியில் கப்பலுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் போடுகிற வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, எது நல்ல ஜாயின்ட், எது ரிப்பேர் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை.

"ஃபிலிமா குடுங்க டாக்டர். கையில வச்சுப் பாக்கணும்."

டாக்டர் மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். "ஃபிலிமெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு சார். எல்லாம் இதுலதான்."

"கறையா இருக்கலாம். தட்டுல அழுக்கு கீதுன்னா இப்படித்தான் வுழும். இன்னொரு ஷாட் போடுங்க. அதே எடத்துல வந்தா கோளாறு. தள்ளி வந்தா கறை."

"மூணு எடுத்தாச்சு சார். மூணுலயும் அதே இடம். ஊசி வச்சு எடுத்தோமே, அந்த ரிசல்ட்டும் வந்துடுச்சு." அவள் குரலைத் தணித்தாள். "குடல்ல கட்டி. புத்துநோய்தான்."

மேஜை மேல் இருந்த மேஸ்திரி இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பதினைந்து வயசுப் பூனை. செம்பட்டை உடம்பு, நுனி கிழிந்த ஒரு காது. டாக்டர் எழுதுவதை, பேனா முனையோடு தலையை அசைத்து அசைத்து, கண்காணித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்காரும். பார்க்கும். ஒரு நாளும் கை வைக்காது.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் டாக்டர். "ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுக்கலாம். ஆனா கிட்னி பாதிதான் வேலை செய்யுது. மயக்க மருந்துலேயே போயிடலாம். இல்லைன்னா மாத்திரை. பசி எடுக்கும், வலி தெரியாது. ரெண்டு மாசம், மூணு மாசம். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"ஆபரேஷன்" என்றார் தமீம், யோசிக்காமல்.

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு இடம் இருக்கு. வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

கூடையை எடுத்தவர் கதவுக்கருகில் நின்றார்.

"டாக்டர்... இது எதுனால வருது?"

"வயசாச்சு இல்ல?"

"இல்ல, வேற எதுனா... கதிர் பட்டு வருமா?"

டாக்டரின் பேனா நின்றது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, ஓடாத குறையாக வெளியே வந்தார்.

வாசலில் நீலமேகத்தின் ஆட்டோ. இப்போது ஆட்டோ ஓட்டுகிற நீலமேகம், தமீமே கதிர் பாய்ச்சிப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய ஷாட் கோஷ்டியில் கையாள்.

"இன்னா பாய், மேஸ்திரி இன்னா சொல்றாரு?"

"கட்டி. வியாயக்கெயம ஆபரேஷன்."

"பதினஞ்சு வயசு கெய்வனுக்கா? பேஜாரு பண்ணாத பாய்!"

தண்டையார்பேட்டைச் சந்துகளில் வண்டி புகுந்து புறப்பட்டது. சிக்னலில் நின்றபோது நீலமேகம் திரும்பாமலே கேட்டான்.

"அந்த ஷாட்ட நெனச்சுகினு கீறியா?"

தமீம் கூடையின் கம்பிக்குள் விரலை விட்டார். மேஸ்திரி அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அந்த ஷாட்.

எண்ணூரில் ஒரு பைப் யார்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதிரைத் திறப்பதற்கு முன் கயிறு கட்டுவார்கள், சிவப்பு விளக்கு வைப்பார்கள், விசில் ஊதுவார்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாத ஒன்றும் அந்தக் கோஷ்டிக்கு உண்டு. பைப்பை ஸ்பேனரால் மூன்று தட்டு. அப்புறம் காது வைத்துக் கேட்பது. வெயிலுக்கு ஒதுங்கிய நாய் உள்ளே படுத்திருக்கும். ஒரு தடவை கூலியாள் ஒருவனே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே ஆள் இருந்தால் ஷாட் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

அன்றைக்கு நீலமேகம் ஸ்பேனரைத் தூக்கினான். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வுட்றா டேய், மய வந்தா ஃபிலிமு நாசம். மூடி போட்ட பைப்பு, எவன் கீறான் உள்ள?" என்றவர் தமீம்தான்.

இரண்டு நிமிஷம் கதிர் பாய்ந்தது.

இருட்டறையில் ஃபிலிமை மருந்தில் முக்கி எடுத்தபோது வெல்டிங் தெளிவாக விழுந்திருந்தது. நல்ல ஜாயின்ட். அதற்கு நாலு விரல்கடை தள்ளி, பனிமூட்டம் போல ஒரு வெளுப்பு. சுருண்ட உருவம். இரண்டு காது.

கொட்டுகிற மழையில் ஓடினார். ஒரு பக்கத்து மூடி லேசாக விலகியிருந்தது. கையை விட்டபோது, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சூடு கிடைத்தது.

வெல்டிங்கில் ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் வெல்டரின் நம்பர் குத்தியிருக்கும். கோளாறு வந்தால் ஆளைத் தேட வேண்டாம், நம்பரைப் படித்தால் போதும். பதினைந்து வருஷம் கழித்து மேஸ்திரியின் வயிற்றில் வந்திருக்கும் இந்தக் கோளாறுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும் நம்பர் யாருடையது என்று தமீமுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கு மார்ல பேட்ஜ் இருந்துச்சுடா. எவ்ளோ கதிரு பட்டுச்சுன்னு மாசா மாசம் கணக்கு வரும்" என்றார் மெதுவாக. "அவனுக்கு இன்னா இருந்துச்சு?"

நீலமேகம் சிக்னல் விழுந்ததைச் சாக்காக வைத்து வண்டியைக் கிளப்பினான்.

தமீம் வந்து ஆபரேஷன் என்றதும் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா "ம்" என்றாள். மேஸ்திரிக்கு மீனை முள் நீக்கி வைத்தாள். அது முகர்ந்துவிட்டு நகர்ந்தது. தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை அஸர் தொழுகை முடிந்து வந்த தமீமை வாசலிலேயே மறித்தாள்.

"நாளைக்கு அவன அனுப்ப மாட்டேன்."

"எதுக்கு?"

"போன வருசம் அந்தப் பழைய எண்ணெ லைனப் பத்தி இன்னா சொன்னீங்க? 'இத்துப் போன பைப்புல கை வச்சா, வச்ச எடம் நிக்கும், பக்கத்து எடம் கீறிக்கும். பிரஷர கொறச்சு ஓட்டுங்கடான்னா கேக்க மாட்டேங்கிறானுங்க'ன்னு எத்தினி நாளு புலம்புனீங்க? இப்ப மட்டும் இன்னாவாம்?"

"அது இரும்பு. இது உசுரு."

"அதாங்க நானும் சொல்றேன்."

தமீமால் விட முடியவில்லை. விறுவிறுவென்று பீரோவுக்குப் போனார். மேல்தட்டு, கல்யாணப் புடவைகளுக்கு அடியில் கையை விட்டார். பழுப்புக் கவர். பதினைந்து வருஷமாக யாருக்கும் காட்டாத ஃபிலிம். அதை அவள் கையில் திணித்தார்.

"பாரு. நான் பண்ண வேல. பைப்ப தட்டிப் பாக்காம கதிர வுட்டேன். அவன் உள்ள இருந்தான். இந்தக் கட்டி நான் வச்சது. நான்தான் எடுக்கணும்."

ஷரீஃபுன்னிசா கவரைப் பிரிக்கவே இல்லை.

"இது மேஸ்திரியோட ஸ்கேன் போட்டோதானே?"

"...இன்னா?"

"கௌசர் பள்ளிக்கூடம் படிக்கிறப்போ, கொரோனாவுக்கு முந்தி டிசம்பர்ல ஒரு கிரகணம் வந்துச்சே. சூரியனப் பாக்க எக்ஸ்ரே ஃபிலிம் வேணும்னு பீரோவக் கொடஞ்சா. இது கெடச்சுது. 'ம்மா, பூனைக்குட்டி கீதும்மா உள்ள'ன்னா. சுருண்டுகினு, ரெண்டு காதோட, கௌசர் வயித்துல இருந்தப்போ எடுத்த ஸ்கேன் மாதிரியே. மாடில நின்னு ரெண்டு பேரும் இது வழியாத்தான் கிரகணம் பாத்தோம். அப்புறம் எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்."

"அப்பவே தெரியுமா உனக்கு? ஒரு வார்த்த கேக்கலியே?"

"நீங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க. சொல்ற அன்னிக்கு சொல்லட்டும்னு வுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "ஆனா இத இப்புடி மனசுல வச்சுக் குமைஞ்சுகினு கீறீங்கன்னு தெரியாது."

தமீம் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நாளைக்கு ஆபரேஷன் யாருக்கு? அவனுக்கா, உங்களுக்கா? உங்க பாரம் எறங்க அவன் வயித்தக் கிழிக்கணுமா?"

சுருக்கென்று தைத்தது. எழுந்து போய் டாக்டருக்கு போன் போட்டார். அன்றைக்கு "சும்மாதான்" என்று விழுங்கியதை முழுசாகச் சொன்னார். யார்டு, மழை, இரண்டு நிமிஷம்.

"சார், இதே கட்டியோட என்கிட்ட மாசத்துக்கு மூணு நாலு பூனை வருது. எல்லாம் சோபாவுல படுத்து வளர்ந்தது. எந்தப் பைப்பையும் பார்த்ததில்லை."

"அப்போ அதுனால இல்லைன்றீங்களா?"

"ரெண்டு நிமிஷத்துக்கும் பதினஞ்சு வருஷத்துக்கும் முடிச்சுப் போட எனக்கு மனசு வரல. ஆனா இல்லவே இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட முடியாது. தெரியாது சார். அதான் உண்மை."

தெரியாது. தமீமின் ரிப்போர்ட் தாளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. நல்லது, ரிப்பேர், ரிஜெக்ட். தெரியாது என்று எழுதினால் அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள்.

"நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

"காலைல சொல்றேன்."

வியாழக்கிழமை. மணி ஒன்பது. கீழே நீலமேகத்தின் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. கூடை தயார், உள்ளே துண்டு விரித்தாகிவிட்டது. மேஸ்திரியைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் இல்லை. அடுப்படியில் இல்லை. ஷரீஃபுன்னிசா தேடுவதாகவே தெரியவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாடில பாத்தீங்களா?" என்றாள், தலை நிமிராமல்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, வீடு கட்டும்போது மீந்துபோன அகலமான பிளாஸ்டிக் பைப் ஒன்று கிடந்தது. வெயில் காலத்தில் மேஸ்திரியின் மத்தியானத் தூக்கம் அதற்குள்தான். வீட்டில் எத்தனையோ மெத்தை இருந்தும் அதற்குப் பைப்தான் பிடிக்கும். பதினைந்து வருஷமாக தமீம் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தே வந்திருக்கிறார்.

குந்தி உட்கார்ந்தார். உள்ளே இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

உயிர் போய்விட்டதா?

கையில் வீட்டுச் சாவி இருந்தது. அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

டக். டக். டக்.

பைப்பில் காதை வைத்தார். துறைமுகப் பக்கம் லாரிகளின் இரைச்சல். எங்கோ ஒரு கப்பல் ஊதியது. பைப்புக்குள் நிசப்தம்.

பிறகு, உள்ளேயிருந்து, தூக்கத்தைக் கெடுத்தவனைத் திட்டுகிற மாதிரி, கரகரவென்று ஒரு சத்தம்.

"ம்ர்ர்ராவ்."

தமீம் காதை எடுக்காமல் அப்படியே இருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூட்டு வலிக்கும் வரை இருந்துவிட்டு, எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார்.

"டேய் நீலமேகம்! வண்டிய ஆஃப் பண்ணு. ஷாட் இல்ல."

கீழே இருந்தவன் அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உள்ள ஆள் கீதா பாய்?"

"கீது."

"அத்த அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றான் நீலமேகம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆமாடா" என்றார் தமீம். "அன்னிக்கே கேட்டிருக்கணும்."

டாக்டருக்கு போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்றார். மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டார். எப்படிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, பொடித்து மீனில் கலக்கச் சொன்னாள். நீலமேகம் மருந்துக்கடைக்கும், அப்படியே மீன் வாங்கக் காசிமேட்டுக்கும் ஒரு நடை போய் வந்தான். அதுவரை தமீம் பைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கரண்டியின் அடியால் பாதி மாத்திரையைப் பொடித்தார். கை பழக்கமில்லாமல் தடுமாறியது. பொடி சிந்தியது.

"நான் பண்ணவா?" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"இரு, நானே செய்றேன்."

மாடிப்படியில் மெதுவான காலடி. ஒவ்வொரு படியாக நின்று நின்று மேஸ்திரி இறங்கி வந்தது. இளைத்த உடம்பை இழுத்துக்கொண்டு அவர் முழங்கால் பக்கத்தில் உட்கார்ந்தது. மீனைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தது, பொடியைப் பார்த்தது, சிந்தியதைப் பார்த்தது.

"இன்னா மேஸ்திரி, வேல சரியா கீதா?" என்றார் தமீம்.

மேஸ்திரி வாலை ஒருமுறை தரையில் அடித்தது. வேலை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது.