நானூற்றுப் பன்னிரண்டு கண்தப்புகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது. வியாழக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. கன்னட அரசாணைகளைத் தமிழில் பெயர்த்துப் பிழைக்கிறவள் நான் என்பதால் சௌம்யா என்னைத் தேடி வந்திருந்தாள்.

"அக்கா, 'கண்தப்பினிந்த'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வேற வார்த்தை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

(சௌம்யா அவளுடைய நிஜப் பெயர் அல்ல. அவள் வேலை பார்க்கும் ஆபீசையும் மைசூரில் தேட வேண்டாம். அது நான் கட்டியது.)

கண்தப்பு என்றால் கன்னட ஆபீசுகளில் கவனப்பிசகு. தமிழ்க் காதில் விழும்போது கண் செய்த தப்பு என்றே கேட்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் எழுதினால் கதை ஒழுங்காக வராது என்பார்கள். வராவிட்டால் போகட்டும்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டும் தூரதேசத்து நகரமொன்றில், முகத்தை மறைத்துக்கொண்ட ஒருவன் விசைப்பலகையின் மேல் குனிந்து"

சீ! அடித்துவிட்டேன். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதவனுக்கு ஒரு பூனை வேறு வளர்க்கக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது தொடக்கத்தில் ஒரு நாட்டின் பெயர் இருந்தது. பெயரைப் போட்டால் பாதிப்பேர் கைதட்டுவீர்கள், பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள். கதவைத் திறந்து போட்டவனை எல்லோருமாகச் சேர்ந்து மறந்துவிடுவீர்கள். அதையும் அடித்தாயிற்று.

மாதம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

மாதம்மா தேவராஜ மொஹல்லாவில் பூ விற்கிறவள் (மொஹல்லா என்றால் மைசூரில் பேட்டை). மண்டி மொஹல்லாவில் சௌம்யாவுக்கு அடுத்த வீடு. இருவருக்குமே சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். மாதம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் எது வந்தாலும் சௌம்யாதான் வாசித்துச் சொல்வாள்.

அன்று காலையில் வந்த செய்தியையும் சௌம்யாதான் வாசித்தாள். மாதம்மாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாம். இனி அவள் ஓட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில்.

"நான் எங்க கண்ணு விண்ணப்பம் போட்டேன்? இத்தன வருசமா இந்தா இருக்கற இஸ்கூல்லதான ஓட்டுப் போடறேன். பூவ வித்துப்போட்டு அவ்வளவு தூரம் போயி நிக்க முடியுமா? என்னன்னு பாரு சாமி."

பார்க்க வேண்டிய வேலையே சௌம்யாவுடையதுதான். வாக்காளர் பட்டியல் பிரிவில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆபீசுக்குப் போனதும் மாதம்மாவின் பெயரைத் திறந்தாள். அடுத்து பக்கத்து வீட்டுத் தையல்காரர். அடுத்து தெரு முழுக்க. நானூற்றுப் பன்னிரண்டு பேர், தாங்களே கேட்டுக்கொண்டபடி, ஊர் மாறியிருந்தார்கள். எல்லாம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று பத்திலிருந்து மூன்று பத்தொன்பதுக்குள். எல்லாம் சௌம்யாவின் பாஸ்வேர்டில். உள்ளே நுழைந்த கம்ப்யூட்டர் மட்டும் இந்த நாட்டில் இல்லை.

கடைசிப் பெயர் சௌம்யா. அவளையும் அவளே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியிருந்தாள்.

எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

4

அதிகாரி பசவராஜ். (அவரும் அவளும் பேசியது கன்னடம். தமிழில் அவர் கொஞ்சம் நல்லவராகத் தெரிந்தால் அது என் மொழிபெயர்ப்பின் கோளாறு.)

"ஹேக் ஆயிருக்கு சார்."

"சும்மா இரும்மா. ஓட்டு மெஷினுக்கு நெட்டே கிடையாது. யார் ஹேக் பண்ணுவான்?"

"மெஷின் கிட்டப் போறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல பேர் இருக்கணுமே சார்."

"பேர் எங்கே போச்சு? இருக்கில்ல?"

"பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"இருக்கா இல்லையா? இருக்கு. அப்புறம் என்ன? வெளிநாட்டுக்காரனுக்கு மண்டி மொஹல்லா மேல என்ன கோபம்?"

கோபமே வேண்டாம் சார், பூட்டு ஆடுகிறதா என்று சின்னக் கதவில் தட்டிப் பார்த்திருப்பான், அடுத்த முறை ஊரையே எடுத்துக்கொண்டு போவான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் பாஸ்வேர்ட். அப்போ உன் தப்பு."

"எல்லார் பாஸ்வேர்டையும் ஒரே காகிதத்துல எழுதி வாட்ஸ்அப் குரூப்புல போடச் சொன்னது நீங்கதானே சார்!"

(அந்தக் குரூப்பில் அறுபத்து மூன்று எண்கள். பதினொன்று யாருடையவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.)

"செவ்வாய்க்கிழமை மூணு பத்துக்கு நான் சீட்டுலயே இல்ல சார். ஆபீஸ் மொத்தமும் ஹால்ல நின்னு கைய நீட்டி உறுதிமொழி எடுத்தோம். நீங்கதான் வாசிச்சீங்க. போட்டோ நோட்டீஸ் போர்டுல இருக்கு, பாருங்க."

என்ன உறுதிமொழி தெரியுமா? இணையப் பாதுகாப்பு உறுதிமொழி. வாசகரே, இதை நான் நகைச்சுவைக்காகச் சேர்க்கவில்லை. எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் அவளிடம் வேறு சாட்சியே இல்லை.

பசவராஜ் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தார். சௌம்யா எட்டிப் பார்த்தபோது போர்டில் குண்டூசிகள் மட்டும் இருந்தன.

"கண்தப்பினால் நடந்தது, மன்னிக்கவும்னு எழுதிக் கொடு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடறேன். தேர்தல் நேரத்துல ஹேக்குன்னு வெளியே தெரிஞ்சா ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும்மா. அஞ்சு மணிக்குள்ள கொடுக்கலேன்னா நாளையிலிருந்து வர வேணாம்."

அடேயப்பா, நம்பிக்கைக்கு எவ்வளவு காவல்! பட்டியலுக்கு அதில் கால்வாசி போட்டிருக்கக் கூடாதா?

5

விஷயம் இவ்வளவுதான். ஹேக் என்று எழுதினால் திங்கட்கிழமை வரை இருந்த பட்டியலை அப்படியே திரும்ப ஏற்றியாக வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள், சௌம்யாவுக்கு வேலை போய்விடும். கணவன் ரவிக்குமார் கால் முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில். கண்தப்பு என்று எழுதினால் வேலை நிற்கும். ஆனால் ஒவ்வொருவரும் சனிக்கிழமைக்குள் தனித்தனியாகப் படிவம் கொடுத்தால்தான் ஓட்டு திரும்பும். பூ வியாபாரத்தை விட்டுவிட்டு மாதம்மா வரிசையில் நிற்பாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

டிவிக்காரர்கள் வந்து, பசவராஜ் சஸ்பெண்ட் ஆகி, தெருவே சௌம்யாவுக்கு மாலை போடுகிற முடிவு ஒன்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு முடிவில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாதம்மாவின் கதவைத் தாண்டி

இல்லை, அது முடியவில்லை என்னால்.

6

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். வேறு வார்த்தை கேட்டாள் அல்லவா? கொடுத்தேன். "தொழில்நுட்பக் காரணங்களால்னு போடு. யார் தலையிலயும் விழாது, உன் வேலையும் போகாது," என்றேன். முப்பது வருட அனுபவம், நொடியில் வந்தது.

சௌம்யா என்னையே பார்த்தாள்.

"நீங்களும் அவங்களாட்டமே பேசறீங்களே அக்கா. எங் கண்ணு ஒரு தப்பும் பண்ணலீங்க. அந்த ஆபீசுல அதப் பாத்ததே எங் கண்ணு ஒண்ணுதான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அந்தச் சொல் வரும் இடத்தை வெறுமையாக விட்டு, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். மணி நாலே கால்.

7

கடிதம் இதுதான்:

"மேற்கண்ட நானூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களும் .................... நடந்தன. இப்படிக்கு, சௌம்யா."

நான் நிரப்பமாட்டேன். என் சொல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டீர்கள். நீங்கள் நிரப்புங்கள். கன்னடமோ தமிழோ, எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சாயங்காலம் மாதம்மா வந்து, "என்ன கண்ணு எழுதிக் குடுத்த?" என்று கேட்பாள். நீங்கள் எழுதியதைச் சௌம்யாதான் அவளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.