ஊசி அறைக்காரியின் புகார்

தொழிலாளர் அலுவலகத்தில், புகார்ப் படிவத்தின் ஏழாவது கேள்விக்கு வந்ததும் அக்காவின் பேனா நின்றுவிட்டது. ‘உங்கள் நோயைக் குறித்துச் சொல்லப்பட்ட வார்த்தைகள் என்ன? அப்போது உடனிருந்தவர் யார்?’

“எழுதுக்கா. அந்தச் சூப்பர்வைசர் பேசினதை அப்படியே எழுது” என்றாள் தங்கை. அவள் பேருந்து நடத்துனர். ரகசியம் சொன்னால்கூடக் கடைசி இருக்கைவரை கேட்கும். “வீட்டுல நூறு தடவை சொல்லிச் சொல்லி அழுத. இங்க வந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டியா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “அவசரமில்லம்மா. ஆனா அவர் சொன்னாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியணும். விசாரணையில முதல்ல அதைத்தான் பிடிச்சுக்குவாங்க. ‘இந்தம்மாவுக்கு இல்லாத குரலெல்லாம் கேக்குமே’ம்பாங்க.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அக்கா பேனாவை மூடி வைத்தாள். இரண்டு மாதமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் ஒன்பது வருடம் ஊசி அறை அவள் பொறுப்பு. மெஷினில் ஊசி உடைந்தால், தைப்பவர் உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வர வேண்டும். அவள் அவற்றை முழு ஊசியாகப் பொருத்திப் பார்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டுவாள். அதற்குப் பிறகுதான் புது ஊசி. மணலளவு துண்டு குறைந்தாலும் வரிசையே நிற்கும். காந்தத்தோடு எல்லோரும் தரையில் தவழ்வார்கள். சட்டைக்குள் போய்விட்டால் ஏதோ ஒரு குழந்தையின் தோலில் அல்லவா குத்தும்?

போன மழைக்காலத்தில் அந்தக் குரல் வந்தது. இழுப்பறைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல், ‘ஒரு துண்டு குறையுது’ என்றது. பொருத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. ‘குறையுது’ என்றது. மூன்றாம் வாரம், ஒட்டி முடித்த நாற்பது பெட்டிகளைக் கிழித்து, சின்னச் சின்னச் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி, மாத்திரை, ஏழு வாரம். குரல் போய்விட்டது. வேலைக்குத் தகுதி என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்த அன்று ஊசி அறைக் கதவில் வேறு பூட்டு தொங்கியது. சூப்பர்வைசர் அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அப்போதுதான் அந்த வார்த்தைகள் அவள் காதில் விழுந்தன. ஓர் ஆண் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல். அவர் உதடு அசைந்ததை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. நூல் வெட்டும் கத்தரியைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை. பிசிறைப் பல்லால் கடித்துத் துப்பினாள். ஊசி அறை திரும்ப வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் சொல்லாத வார்த்தையை ஒருவர் தலையில் கட்டிவிட்டால்?

படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். “ரெண்டு நாள்ல கொண்டு வரேம்மா.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக்கைத் தேடிப் போனாள். குழாயடியில் கை எண்ணெயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் திரும்பி வந்த அன்னைக்கு ஊசி ரூம் வாசல்ல மெஷினுக்கு அடியில படுத்திருந்தீங்க.”

“படுத்திருந்தேன். அதுக்கென்ன?”

“சூப்பர்வைசர் என்னைப் பத்தி ஏதாவது...”

“இந்தா பாரு தங்கச்சி, எனக்கு ரெண்டு பொண்ணு. கையெழுத்து கிழுத்துன்னு என்னை இழுக்காத.”

“கையெழுத்து வேண்டாம்ணே. சொன்னாரா, இல்லையா?”

அவர் சோப்பை உருட்டிக்கொண்டே இருந்தார். நுரை கறுப்பாக வழிந்தது. “‘மரை கழண்டவ’ன்னு வாய் கூசாமச் சொல்லிட்டான், பாவி. மெஷின்ல மரை கழண்டா நான் முடுக்குறேன். மனுஷிகிட்டயா அந்தப் பேச்சு? ஆனா யாராவது வந்து கேட்டா எனக்கு ஒண்ணும் கேக்கலை. மெஷின் சத்தம். தெரிஞ்சுதா?”

அவள் சிரித்துவிட்டாள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. மெக்கானிக் சோப்போடு ஓரடி பின்னால் போனார். “மாத்திரை போட்டியாம்மா?”

அந்தச் சந்தோஷம் பேக்கிங் மேசைவரைகூட வரவில்லை. அந்த வார்த்தையை அவள் தலை உண்டாக்கவில்லை. எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த மனிதர் உண்டாக்கியிருந்தார். ஊசித் துண்டென்றால் காந்தம் வைத்து எடுக்கலாம்; அந்த வார்த்தையை எங்கே தேடி எடுக்க?

அடுத்த நாள் அரைநாள் விடுப்பில் தங்கையோடு போய் ஏழாவது கேள்விக்குப் பதிலை முழுதாக எழுதினாள். உடனிருந்தவர் என்ற இடத்தில், ‘ஒருவர் இருந்தார். பயப்படுகிறார்’ என்று எழுதினாள்.

“இப்படி யாரும் எழுதுறதில்லம்மா” என்றார் எழுத்தரம்மா.

“நடந்தது அதுதானேம்மா.”

எழுத்தரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “சரி. பதியுறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டணும், அது இங்க முறை. தப்பிருந்தா நிறுத்துங்க.”

தேதி, வேலை, மருத்துவச் சான்று என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துக்கொண்டே வந்து ஏழுக்கு வந்தார். “மரை கழண்டவகிட்ட ஊசி டப்பாவைக் குடுத்தா, நாளைக்கு எவன் கண்ணு போகும்னு யாருக்குத் தெரியும்?”

பக்கத்து மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவரின் கை நின்றது. அக்கா திரும்பித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உனக்குக் கேட்டுச்சா?”

தங்கை தலையை ஆட்டினாள்.

“வாயால சொல்லு.”

“கேட்டுச்சுக்கா. இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.”

எழுத்தரம்மா படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அக்கா உடனே போடவில்லை. “அதை மட்டும் இன்னொரு தடவை வாசிங்கம்மா” என்றாள்.