ஜெகபர் சாதிக்கின் ஏழாவது ஐகான்

1.

இந்தக் கதை பிறந்தது நான்கு வரியில். அந்த நான்கும் என்னுடையவை அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் கணினி நடத்தும் மகாலட்சுமி, தம் பழைய போனில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ஸ்ரீரங்கம் ஆட்டோ ஸ்டாண்டில் காட்டினார்.

"வேணுங்கிற ஐகானை நாமளே செஞ்சுக்கலாம் சார். இது என்ன வகை, பேர் என்ன, என்ன படம், தொட்டா என்ன நடக்கணும். நாலு வரிதான். கடைசி வரியில நாம எழுதுறதைப் போன் பேசும்."

(அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை தவறாமல் தொட்டியம் பள்ளியில் எழுத்தராக முப்பது வருடம் கடிதம் எழுதிப் பழகியவன் நான். பிடித்துப்போயிற்று.)

2.

தொடக்கங்கள்:

காவிரிப் பாலத்தின் மேல் வெயில் – (வேண்டாம்.)

ஜெகபர் சாதிக் அமைதியான மனிதர் – (பொய். ஸ்டாண்டிலேயே அதிகம் பேசியவர் அவர்தான். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.)

நேராகவே சொல்கிறேன். கூப்பிட்டால் பதில் வராத ஆட்டோவில் யாரும் ஏறுவதில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து அவர் மகள் நிலோபர் கெடு வைத்துவிட்டாள்: "ஒரு வாரம் பாருங்கத்தா. ஓட்ட முடியலைன்னா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

நிலோபரை முதலில் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். கதைக்கு அது வசதி. அடித்துவிட்டேன். தனியாக இருக்கும் தகப்பனுக்கு ஒன்று ஆனால் அவரால் கூப்பிடக்கூட முடியாதே என்ற அவள் பயம் நியாயமானது.

3.

அந்தப் பழைய போனையே ஜெகபர் பாய்க்குக் கொடுத்து, அதில் ஆறு ஐகான்களை மகாலட்சுமி செய்தார். வாசகங்கள் என் பொறுப்பு. திங்கட்கிழமை, கையில் பையோடு ஒரு அம்மாள் வந்தார். பாய் முதல் ஐகானைத் தொட்டார்.

"தாங்கள் செல்ல விரும்பும் இடத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், ஜங்ஷன்ல அறிவிக்கிற பொண்ணை உள்ள உக்கார வச்சிருக்கீங்களா?"

அடுத்த வண்டி முருகானந்தம் விடுவானா? "சார் எழுதிக் குடுத்தது அக்கா. மனு குடுத்தாத்தான் ஏத்திக்குவாரு."

பாயின் தோள் குலுங்கியது. சத்தமில்லாத அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்து – (விட்டுவிட்டேன்.)

அம்மாள் என்னவோ முருகானந்தத்தின் வண்டியில்தான் போனார்.

4.

மறுநாள் என் வாசகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோப்புகளைத் திறந்து, மேல் மூன்று வரிகளைத் தொடாமல், கடைசி வரியை மட்டும் பாய் தாமே மாற்றியிருந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"ஏறுங்க, பேசிக்கலாம்."*

* பேச முடியாத மனிதர் இதை எழுதியிருக்கிறார். இந்த வரிக்கு முன்னால் என் முப்பது வருடக் கடிதங்கள் நிற்காது.

புதன்கிழமை நான்கு சவாரி. சனிக்கிழமை பதினொன்று.

5.

ஞாயிறு காலை நிலோபர் ஸ்டாண்டில் இறங்கினாள். பாய் போனை எடுத்தார். ஆறு ஐகான்களுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று. பெயர் வரியைக் காலியாக விட்டிருந்தார்.

முடிவு அ: அவர் வர மறுக்கிறார். முடிவு ஆ: மகளோடு போகச் சம்மதிக்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது, கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அவர் ஐகானைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, எனக்குக் கேட்கவில்லை. நிலோபருக்குக் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"சரித்தா, வண்டியை எடுங்க."

பாலம் தாண்டினால் பாலக்கரையில் அவர் வீட்டுக்கும் போகலாம், புதுக்கோட்டை பஸ்ஸுக்கும் போகலாம். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கலாமா என்று மகாலட்சுமி கேட்டார். வேண்டாம் என்றேன்.

கடைசி வரி உங்களுடையது. ஆட்டோ இன்னும் பாலத்தின் மேல்தான் போகிறது.