முப்பத்திரண்டு வரை

தலையணையை உருவிக் கணவரின் முதுகுக்குக் கீழே அவள் செருகிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

“தவளை குதிக்கிறதையே விட்டுட்டாளா?”

தவளை என்பது மாடியறையில் இருந்த மகள். பதினைந்து வயது. பாலே வகுப்பில் சேர்ந்த நாளன்று அவர் வைத்த பெயர். முன்பெல்லாம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும், கை கிரீஸைக்கூடக் கழுவாமல், மேலே மரத்தளத்தில் அவள் குதித்து விழும் ‘தொம் தொம்’மைக் கேட்டுக்கொண்டு நிற்பார். முப்பது வருட மெக்கானிக். எதையும் காதால்தான் பார்ப்பார்.

“ரெண்டு வாரமா ஒரு சத்தத்தையும் காணோம். என்னைக் காட்டி அவ காலைக் கட்டிப் போட்டுட்டியா?”

இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. இனி ஊசி போட்டும் பயனில்லை என்று காலையில்தான் டாக்டர் வாசலில் நின்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டிப் போட்டது அவள்தான். “அப்பா தூங்கணும். மேலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது” என்று மகளிடம் சிடுசிடுத்திருந்தாள்.

“இருங்க, பார்த்துட்டு வரேன்.”

மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. சன்னலைப் பார்த்து நின்ற மகளின் முட்டிகள் பக்கவாட்டில் விரிந்து மடிந்தன. கெண்டைக்கால் சதை முறுக்கிய கயிறாகத் திரண்டது. அடுத்த கணம் அந்த உடம்பு தரையில் இல்லை. அலமாரியின் மேல்தட்டுக்குச் சமமாகத் தலை போய், இறங்க மனமில்லாததுபோல் அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு விரல் நுனி, பாதம், குதிகால் என்று ஒவ்வொன்றாகத் தரையைத் தொட, முட்டிகள் மடிந்து மொத்தக் கனத்தையும் விழுங்கிக்கொண்டன. சத்தமே இல்லை. மறுபடியும் எழும்பினாள். மறுபடியும்.

வாசற்படியில் தடுக்கித் தடுக்கி விழுந்த கால்களா இவை?

“தினமும் குதிக்கிறியா?”

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “சத்தம் வரக் கூடாதுன்னுதானேம்மா சொன்னே? குதிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. இப்படி இறங்க ரெண்டு மடங்கு பலம் வேணும். தொடையெல்லாம் எரியும்.” தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு தடவைதான். அதோட நிறுத்திடுவேன்.”

“அப்பா கேக்கணுமாம். ஒரே ஒரு தடவை சத்தமா குதிடி.”

“டீச்சர் பார்த்தா கொன்னுடுவாங்க.”

ஆனாலும் குதித்தாள். தொம்.

கீழே வந்தபோது அவர் முகம் சுளித்துக் கிடந்தார். “அது என்ன இறக்கம்? ஷாக் அப்சார்பர் போன வண்டி மாதிரி. முட்டி போயிடும்னு சொல்லு.”

அவள் மேலே கண்டதைச் சொன்னாள். அவர் கூரையிலிருந்து ஒயரில் தொங்கிய விளக்கைக் கண்ணால் காட்டினார்.

“அப்போ இது காத்துல ஆடலையா?”

சன்னல் இறுகச் சாத்தியிருந்தது.

“ரெண்டு வாரமா இதையே பார்த்துக்கிட்டுக் கெடக்கேன். நானெல்லாம் ஒரு மெக்கானிக்!”

அவள் மாடிப்படியடிக்குப் போய்க் குரல் கொடுத்தாள். “இப்போ குதிக்கிற மாதிரியே சத்தமில்லாம குதி, கண்ணு. முப்பத்திரண்டும்.”

விளக்கு லேசாக நடுங்கியது. போர்வைக்கு மேலே அவர் ஆள்காட்டி விரல் எழுந்து தாழ்ந்தது. ஒன்று. இரண்டு. கட்டிலருகே வந்து உட்கார்ந்து, விரலோடு சேர்ந்து அவளும் எண்ணினாள். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் கனம், ஒரு விளக்கை மட்டும் தொட்டுவிட்டு அடங்கிப்போனது. புது இன்ஜினை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவர்போல அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதுக்கு விரல் எழவில்லை.

அவள் அவர் மூக்கருகே கையை வைத்தாள். எடுக்காமல் வைத்தபடியே இருந்தாள். விளக்கு நடுங்கியது. இருபது.

மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, அண்ணாந்து, இருபத்தொன்று என்று எண்ணினாள்.